அரக்குப் பட்டுக்கு எக்ஸ்சேஞ்ச்

மருதை வீட்டில் எக்ஸ்சேஞ்சில் வராத பொருள் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கும். குக்கர் அப்படி வந்தது. மிக்ஸி அப்படி வந்தது. அந்த மிக்ஸியைக் கொடுத்து இன்னொரு மிக்ஸி வந்தது. பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறி வந்தான். ஆடி மாதம் பிறந்தால் பேப்பரோடு வருகிற விளம்பரத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கடைக்காரன் எந்த ஓட்டை உடைசலுக்கு எவ்வளவு கழிக்கிறான் என்று படிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ருசி. ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று வரும் என்று அவன் உறுதியாக நம்பினான். சும்மா வருவதையும் நம்ப மாட்டான், சும்மா போவதையும் விட மாட்டான்.

எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தையை அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது கடைக்காரன் இல்லை, சர்க்கார். பத்தாவது முடித்த கையோடு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று கார்டைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே எதைக் கொடுத்து எதை மாற்றிக்கொள்கிறார்கள் என்று கடைசிவரை அவனுக்கு விளங்கவில்லை. பிறகு பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டர் வேலை கிடைத்தது. அங்கே ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்கும் அதே பெயர்தான். "மருதை, நாளைக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் குடுப்பா, மச்சினிச்சிக்கு வளைகாப்பு" என்று யாராவது வந்து நிற்பார்கள். இவனும் கொடுப்பான். திருப்பி வாங்காமலும் விட மாட்டான்.

பெண்டாட்டி வந்ததும் அப்படித்தான் என்று ஒரு கேலி உண்டு. அது கேலி மட்டும் இல்லை. அக்கா அகிலாண்டத்தை ரெங்கராஜுக்குக் கொடுத்தார்கள். ரெங்கராஜின் தங்கை சித்ராதேவியை மருதைக்கு எடுத்தார்கள். கொடுத்து வாங்கின சம்பந்தம். தாம்பூலத் தட்டு ஒரு நாளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. சண்டை வரும்போதெல்லாம் ரெங்கராஜ் சிரித்துக்கொண்டே சொல்வார்: "மாப்ளே, ஒங்க அக்காவை எடுத்துக்கிட்டு என் தங்கச்சியத் திருப்பிக் குடுத்துடு. பில்லு இருக்கு." அகிலாண்டம் உள்ளேயிருந்து, "முப்பது வருஷம் கழிச்சு எந்தக் கடையில எடுத்துக்குவான்?" என்பாள். எத்தனை தடவை சொன்னாலும் நாலு பேரும் சிரிப்பார்கள்.

அந்த ரெங்கராஜ்தான் இப்போது இல்லை.

திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்து, திருக்கடையூரில் ரூம் சொல்லி, வேன் பேசி, எல்லாம் தயார். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்க மாடிப்படி ஏறினவர், நாலாவது படியில் உட்கார்ந்தார். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு, "என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே வெளியே வந்து பார்த்தவள் அகிலாண்டம். அவர் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பொறந்த வீட்டுப் புடவை எடுக்க வேண்டியவன் மருதை. எடுத்தும் இருந்தான். மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக்கடை வீதிப் பக்கம் இருக்கிற நாலு மாடி ஜவுளிக்கடையில், அவர் சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், இரண்டு குடும்பமும் சேர்ந்து போய் எடுத்தது. அரக்கு நிறத்தில் பட்டு. மருதையும் பெண்களும் மயில் கழுத்துக் கலரைப் பிடித்துக்கொண்டு நிற்க, ரெங்கராஜ் மட்டும் அரக்கைத் தனியே உருவி அகிலாண்டத்தின் தோளில் போட்டுப் பார்த்தார். "இதான்" என்றார். விற்கிற பெண்ணுக்கே வெட்கம் வந்துவிட்டது. அப்படி எடுத்த புடவை பீரோவில் இருந்தது.

பதினாலாம் நாள் சாயங்காலம் மருதை திருவெறும்பூர் போனான். அக்கா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தவளாகவும் தெரியவில்லை, அழப் போகிறவளாகவும் தெரியவில்லை. இந்தப் பதினாலு நாளில் யார் என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் காரியத்துக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் எல்லாம் பேசிவிட்டதாகச் சொன்னான். பதினாறாம் நாள் காரியம். அன்றைக்குப் பொறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். புருஷன் போனவளுக்குக் கூடப் பிறந்தவன் புதுப் புடவை கொண்டுவந்து மேலே போடுகிற முறை அது. மருதை ஊரில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறான். தன் கையால் செய்ய வேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை.

அவன் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, பீரோவத் தொற. கீழ்த் தட்டுல இருக்கு பாரு, அந்தப் பையி. எடு."

எடுத்தான். அரக்குப் புடவை, கடைப் பையோடு. உள்ளேயே பில்.

"அதைக் கடையில குடுத்து எக்ஸ்சேஞ்ச் பண்ணிடு. அதுல என்ன வருதோ, அதைக் கொண்டாந்து போடு எனக்கு."

"அக்கா, இதை எதுக்குக்கா... நான் வேற எடுத்துக்கிறேன். இது இருக்கட்டும்."

"வேணாம்." அவள் அவனைப் பார்த்தாள். "கோடி வேணும்னு கேட்டு நீ ஒரு கடையில ஏறக் கூடாது. என் தம்பி எனக்கு அறுபதுக்குப் பட்டு எடுத்தான். அவ்வளவுதான் நீ எடுத்தது. அதை மாத்துனதா இருக்கட்டும். கோடி எடுத்ததா இருக்க வேணாம்."

தன் தலையில் இடி விழுந்து கிடக்கும்போது, தம்பி கடையில் போய் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று யோசித்திருக்கிறாள். அவனுக்கும் அதுதான் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூட. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"எக்ஸ்சேஞ்ச்னா நீதான் கெட்டிக்காரனாச்சே," என்றாள் அவள்.

"பண்ணிடுறேன்க்கா," என்றான்.

பாலக்கரைக்கு வந்து, வீட்டில் ட்யூப் லைட்டுக்குக் கீழே புடவையைப் பிரித்துப் பார்த்தார்கள். பில் சரி. முப்பது நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. விலைச் சீட்டு அப்படியே தொங்கியது. பிளவுஸ் பிட் வெட்டவில்லை. பால்ஸ் தைக்கவில்லை. மருதை மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டு வந்தான். சித்ராதேவிதான் நுனியைப் புரட்டினாள்.

"என்னங்க, மஞ்சள் வச்சிருக்காங்க."

உள் முந்தியின் ஓரத்தில், துவரம்பருப்பு அளவுக்கு, மஞ்சள். புதுத்துணி வீட்டுக்கு வந்தால் நுனியில் மஞ்சள் தொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கட்டப்போகும் அன்று வைப்பார்கள். அகிலாண்டத்துக்கு அதுவரை பொறுக்கவில்லை போலிருக்கிறது. சந்தோஷம். எடுத்து வந்த அன்றைக்கே சாமி முன்னால் வைத்து, தொட்டு வைத்துவிட்டாள்.

மஞ்சள் தொட்ட துணியை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. கட்டியதற்குச் சமம் அது. இது மருதைக்கும் தெரியும், சித்ராதேவிக்கும் தெரியும், அகிலாண்டத்துக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் அவள் இருக்கிற நிலையில் எது ஞாபகம் இருக்கும்?

சித்ராதேவி ஈரத்துணியில் துளி சோப்பைத் தொட்டு மெல்லத் தேய்த்தாள். சோப்புப் பட்டதும் மஞ்சள் போகாமல் சிவந்தது. அரக்குப் புடவையில் சிவப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. "இது போதும், விடு" என்றான் மருதை. அவள் விடவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது அண்ணி வைத்த மஞ்சள். அண்ணனுக்காக வைத்த மஞ்சள். அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கினபோதுதான் அவள் அழுதுகொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு நீயும் வாயேன்," என்றான்.

"என்னால முடியாதுங்க. அந்தப் படியில எங்க அண்ணனோட ஏறினேன். நீங்க போயிட்டு வாங்க. கடையில வெச்சுக்க மாட்டோம்னு சொன்னாலும் அதை இந்த வீட்டுக்குள்ள மறுபடி கொண்டாராதீங்க. என்னால பார்க்க முடியாது."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மருதை கடைக்குப் போனபோது மணி பத்தரை. எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் பதினோரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். காலையில் முதல் வியாபாரம் ஆகாமல் திரும்பி வந்த சரக்கைத் தொட மாட்டார்கள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும் தொட மாட்டார்கள். நடுவில் கிடைக்கிற நேரம்தான் எக்ஸ்சேஞ்சுக்கு. மருதைக்கு இது புதிது இல்லை. படிக்கட்டுக்கு அடியில் போட்டிருந்த ஸ்டூலில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவனுக்கு முன்னால் ஒரு பெண் பள்ளிக்கூட யூனிபாரம் அளவு மாற்ற வந்தாள். ஒரு கிழவர் வேட்டியை மாற்ற வந்தார். கரை ரொம்ப அகலமாம். இரண்டு பேர் காரியமும் சட்டென்று முடிந்தது. கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு நாற்பது வயசு இருக்கும். சட்டையில் குத்திய அட்டையில் பானு என்று இருந்தது. தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வருகிற துணியின் நாலு மூலையையும் விரலால் ஓட்டிப் பார்த்தாள். மற்றதையெல்லாம் அப்புறம்தான் பார்க்கிறாள். மருதை பைக்குள் கை விட்டு அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான். இந்த வயசில் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணே. பில்லு?"

கொடுத்தான்.

"என்ன காரணத்துக்குண்ணே மாத்துறீங்க?"

"கலரு... கலரு அவங்களுக்குப் பிடிக்கல."

"இவ்வளவு நல்ல கலரா இருக்கே," என்றபடி பானு முதல் மூலையைப் பார்த்தாள். இரண்டாவது மூலை. மூன்றாவதில் அவள் கட்டைவிரல் நின்றது. குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மருதையைப் பார்த்தாள். பதினைந்து நாள் தாடி. வெளுத்த சட்டை. உள்ளே போன கண்.

கட்டைவிரலை அந்த இடத்திலேயே வைத்து, மூலையை உள்ளே மடித்து, புடவையை ஒழுங்காக அடுக்கிவிட்டாள்.

"மாத்திக்கலாம்ணே," என்றாள்.

மருதைக்கு அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம் போலிருந்தது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருஷம் எத்தனையோ எக்ஸ்சேஞ்சில் ஐம்பதுக்கும் நூறுக்கும் வாதாடி ஜெயித்து மார்தட்டியவன், யாரோ ஒரு பெண் ஒரு மூலையை மடித்ததற்குக் கண்ணீர் வரும்போல உட்கார்ந்திருந்தான்.

"எந்த செக்‌ஷன்ல எடுக்கப் போறீங்கண்ணே? ஸ்லிப்புல எழுதணும். பட்டா, காட்டனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று மருதை யோசித்து வைக்கவே இல்லை. வழியெல்லாம் மஞ்சளைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தான். எந்த மாடியில் எது இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. துணிக்கடையில் அவன் வேலை பை தூக்குவதும் பில் போடும் இடத்தில் நிற்பதும்தான். நன்றி பொங்கி மனசு இளகியிருந்த நேரம். தெரிந்தவளிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டான்.

"கோடிக்கு எந்த மாடிக்கும்மா போகணும்?"

எழுதிக்கொண்டிருந்த பானுவின் கை நின்றது. பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பானு மெல்ல, மிக மெல்ல, "அய்யோ, ஏண்ணே சொன்னீங்க," என்றாள்.

பின்னால் நின்றிருந்த மேனேஜர் கேட்டுவிட்டார். முரளிதரன் என்று அட்டை. முகம் சுளிக்கவில்லை, அப்படிச் சுளித்திருந்தால் மருதை சண்டையாவது போட்டிருப்பான். தனியே அழைத்துப் போய், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"சார், யாருக்குன்னு கேக்கலாமா?"

மருதை சொன்னான். மறைக்க இனி என்ன இருக்கிறது? அக்கா, மாமா, அறுபதாம் கல்யாணம், மோட்டார், மாடிப்படி. சொல்லச் சொல்ல அவனுக்கே அது வேறு யாருடைய கதையோ மாதிரி இருந்தது. முரளிதரன் கேட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு சார். ஆனா இதை நான் எடுக்க முடியாது."

"பில்லு இருக்கு. நாளு தாண்டல. கட்டவே இல்லைங்க. ஒரு தடவைகூட ஒடம்புல பட்டதில்ல."

"அதெல்லாம் சரி சார். நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப தெரிஞ்சுடுச்சே. இதை ஷெல்ஃபுல வெச்சா, நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுலேர்ந்து வந்து முகூர்த்தத்துக்குன்னு எடுத்துட்டுப் போவாங்க. நான் எந்த முகத்தோட சார் பேக் பண்ணிக் குடுப்பேன்?"

"வேற ஏதாவது... குறைச்சு வெச்சுக்குங்க. பாதிக்கு எடுத்துக்குங்க. காசு வேணாம், சும்மாகூட வெச்சுக்குங்க. ஒரு சாதாப் புடவை ஒண்ணு எக்ஸ்சேஞ்ச்னு பில் போட்டுக் குடுங்க, போதும்."

இதை மருதை சொன்னான் என்றால் அவனைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். சொன்னான்.

முரளிதரன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்குப் பொம்பளைப் புள்ளைங்க இருக்கா சார்?"

இருந்தாள். கலைமதி. அடுத்த தையில் அவளுக்குப் பார்க்கலாம் என்று பேச்சு. இப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த புடவையைத் தெரிந்தே தன் பெண்ணின் முகூர்த்தத்துக்குக் கொடுத்தான் ஒருவன் என்று தெரிந்தால், மருதை அந்தக் கடைக் கண்ணாடியை உடைத்திருப்பான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எதிரில் இருப்பவன் அநியாயம் செய்தால் கத்தலாம். நியாயத்தைப் பேசிக்கொண்டு தண்ணீர் கொடுப்பவனை என்ன செய்வது? அவனுடைய அக்கா ராசியில்லாதவள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று, அவனும் சேர்ந்துதான். அதுதான் அவனை அறுத்தது.

"மேல காட்டன் செக்‌ஷன்ல எடுத்துக்குங்க சார். எங்களால முடிஞ்ச டிஸ்கவுண்ட் போட்டுத் தரோம்."

"வேணாங்க," என்று எழுந்தான். பையைக் கையில் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள்.

படி இறங்கும்போது பானு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல, அல்லா சாட்சியா. ஆனா அவங்க கடை. வேற கடைக்குப் போனீங்கன்னா சும்மா ஒரு புடவைன்னு கேளுங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க. சொன்னா அங்கயும் மூஞ்சி மாறிடும். உங்களுக்குத்தான் தாங்காது."

மருதை தலையாட்டினான். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, உள்ளே இருந்த மழைக்கோட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் பையை வைத்துப் பூட்டினான். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அக்காவிடம் கொண்டுபோக முடியாது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், விஷயத்தைச் சொன்னால் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் கொடுக்க மனசு வராது. காவிரியில் விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். மாமா தோளில் போட்டுப் பார்த்து "இதான்" என்ற புடவை. அதை எப்படித் தண்ணீரில் விடுவது?

நந்தி கோயில் தெருப் பக்கம் இரண்டு கடையைத் தாண்டிப் போனான். மூன்றாவதாக ஒரு சின்னக் கடையில் ஏறினான். ஏறக் கூடாது என்று அக்கா சொன்ன அந்தப் படியில் ஏறியேவிட்டான்.

"வாங்க சார், வாங்க. யாருக்கு சார்?" விற்கிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், வாய் ஓயவில்லை.

"அக்காவுக்கு."

"அக்காவுக்கா? சூப்பர் சார். அண்ணன் தம்பி தனியா வந்து எடுத்துக் குடுக்கிறதெல்லாம் இப்ப எங்க சார் நடக்குது! என்ன விசேஷம்?"

"விசேஷம்தான்."

அவள் பச்சை எடுத்துப் போட்டாள், கத்தரிப்பூக் கலர் எடுத்துப் போட்டாள், குங்குமச் சிவப்பில் ஜரிகை மின்ன ஒன்றைத் தன் தோளிலேயே போட்டுத் திரும்பிக் காட்டினாள். மருதை ஒவ்வொன்றுக்கும் "வேணாம்மா" என்றான்.

"இவ்வளவு பளிச்சுன்னு வேணாம்மா. லேசா."

"வயசு என்ன சார் ஆகுது?"

"அம்பத்தாறு."

"அம்பத்தாறெல்லாம் ஒரு வயசா சார்! இப்ப எல்லாரும் இதைத்தான் கட்டுறாங்க. நீங்க வெளிர் கலர் எடுத்துட்டுப் போனா அக்கா திட்டப் போறாங்க பாருங்க."

மருதை எதிரில் இருந்த அலமாரியைப் பார்த்தபடி நின்றான். அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் தலையை வைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் கீழ்த் தட்டிலிருந்து சந்தன நிறத்தில் ஒன்றைக் காட்டினான். மெல்லிய பழுப்புக் கரை. அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் சிரித்த முகமாகவே மடித்துப் பையில் போட்டு, கூடவே கடை வழக்கப்படி ஒரு மஞ்சள் குங்குமப் பொட்டலத்தையும் போட்டுக் கொடுத்தாள். தெருவுக்கு வந்ததும் மருதை அந்தப் பொட்டலத்தை வெளியே எடுத்தான். கீழே போடக் கூடாது. உள்ளே வைக்கவும் கூடாது. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினான். அவள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காரியம். காவிரியில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறை முழுக்க அவரவர் வீட்டுத் துக்கம். ஒரு கூட்டம் முடித்துவிட்டு எழுந்தால் அடுத்த கூட்டம் உட்கார்ந்தது. மகன் மொட்டையடித்து, பிண்டத்தைக் கரைத்துவிட்டு ஈரத்தோடு வந்து நின்றான். ஐயர் பெண்கள் பக்கம் பார்த்து, "பொறந்தாத்துக் கோடி யாரு? வாங்கோ, நாழியாறது," என்றார்.

மருதை போனான். அகிலாண்டம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனவன், முதலில் பார்த்தது அதைத்தான். சந்தனப் புடவையைப் பிரித்து அவள் தோளில் போட்டான். சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். சித்ராதேவி அவள் பக்கத்தில் சரிந்து விழுந்து, அண்ணா அண்ணா என்று அரற்றினாள்.

அகிலாண்டம் அழவில்லை. மேலே விழுந்த புடவையின் ஓரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மாத்திட்டியா?" அழுகைச் சத்தத்துக்கு நடுவில் அவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.

இந்தக் கேள்விக்காக அவன் இரவெல்லாம் பதில் தேடியிருந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் காலையில்கூட நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"மாத்திட்டேன்க்கா."

"தகராறு ஒண்ணும் பண்ணலையே?"

"இல்லக்கா. பில்லு இருந்துச்சுல்ல. உடனே எடுத்துக்கிட்டாங்க."

"நீ எதுவும் சொல்லலையே கடையில?"

"சொல்லலக்கா. கலரு பிடிக்கலன்னு சொன்னேன்."

அவள் மூச்சை விட்டாள். பதினாறு நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மருதைக்கு அது நன்றாகத் தெரிந்தது. தான் சொன்ன பொய் ஒரு உயிருக்கு இத்தனை ஆறுதல் தரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் அவனுக்கே நிம்மதியாக இருந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள் அகிலாண்டம். "அந்தப் புடவைய நெனச்சுத்தான் தூக்கமே வரல தம்பி. உங்க மாமா அன்னைக்கு எவ்வளவு ஆசையா எடுத்தாரு. அது பீரோவுல கெடந்து மக்கிப் போகக் கூடாது. யாரு வீட்டுப் பொண்ணு கட்டப் போகுதோ. அவரு கை ராசியான கை. கட்டிக்கிட்டுப் புருஷனோட நூறு வருஷம் இருக்கட்டும்."

மருதை காவிரியைப் பார்த்தான். மண்டபத்து வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சாவி அவன் இடுப்பு வேட்டியில் செருகியிருந்தது. அது தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.

"என்னடா, பேச மாட்டேங்குற?"

"இருக்கும்க்கா. நல்லா இருப்பாங்க."

"வேலைக்குப் போறப்ப வர்றப்ப அந்தப் பக்கமாத்தானே போவ? ஒரு எட்டு ஏறிப் பாரு. அரக்கு தனியாத் தெரியும். வித்துட்டாங்களான்னு பார்த்து எனக்குச் சொல்லு. யாராவது எடுத்துட்டாங்கன்னு கேட்டா எனக்கு மனசு அடங்கும்." கையை விடாமலே அவன் முகத்தைப் பார்த்தாள். "மறக்காமச் சொல்லுவியா? நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"சரிக்கா," என்றான் மருதை. "பார்த்துச் சொல்றேன்."